வலிக்காத புண்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய வியாழன் மாலை. பாதம் கழுவும் சடங்கிற்காகப் பன்னிருவர் பீடத்தின் முன் வரிசையாக அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் நெய்க்காரப்பட்டிப் பக்கத்துப் பெரியவர். கரும்பாலையில் வெல்லம் காய்ச்சியே தலை நரைத்தவர். மற்றவர்களைப் போலவே அவரும் கால்களைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, வெள்ளை வேட்டி உடுத்திக் கூச்சத்தோடு அமர்ந்திருந்தார். நான் அவர் முன் முழந்தாளிட்டு, வலது பாதத்தில் நீரை ஊற்றித் துடைத்தேன். வெள்ளைத் துவாலையில் கறை படிந்தது. பாதத்தைச் சற்றே உயர்த்திப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு புண். அதன் நடுவே ஒரு முள்ளின் கறுத்த முனை.

சடங்கெல்லாம் முடிந்தபின் அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன்: "பெரியவரே, காலில் முள் ஏறியிருக்கிறதே, வலிக்கவில்லையா?"

அவர் குனிந்து பார்க்க முயன்றார். பிறகு சிரித்தார். "முள்ளா சாமி? எனக்கு ஒன்றும் தெரியலையே!"

அந்தப் புண்ணைக் காட்டிலும் அந்தச் சிரிப்பே என்னை அச்சுறுத்தியது. முள் தைத்த காலோடு அவர் எத்தனை நாள் வயலிலும் ஆலையிலும் நடந்தாரோ, யாருக்குத் தெரியும்? விசாரித்தபோது, அவருக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு என்பதும், மாத்திரையை நினைத்தபோது விழுங்கி, மறந்தபோது விட்டுவிடுவார் என்பதும் தெரிய வந்தன. "உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே, பிறகு எதற்கு மருந்து?" என்பது அவருடைய கேள்வி.

அன்பு வாசகர்களே, இந்தக் கேள்வியை நம் இல்லங்களில் எத்தனை பேர் கேட்கின்றனர்! வயிற்றுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் ஒரு சுரப்பி பழுதடைந்தால், பாதத்தின் உணர்வு ஏன் போக வேண்டும்? கண்ணின் பார்வை ஏன் மங்க வேண்டும்? இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், நம் உடலுக்குள் செய்தி கொண்டு செல்லும் இரு தூதர்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

உடலின் இரு தூதர்கள்

முதல் தூதர் நரம்பு. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐம்புலன்களும் தாம் கண்டதையும் கேட்டதையும் தொட்டதையும் நரம்புகளின் வழியே நொடிப் பொழுதில் மூளைக்கு அறிவிக்கின்றன. நெருப்பின்மேல் விரல் பட்டதும் நாம் கையை இழுத்துக்கொள்வதும் நரம்புகளாலேதான். ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டிற்குத் தொலைபேசியில் பேசுவதைப் போன்றது இது. செய்தி உரிய இடத்திற்கு மட்டும் செல்லும், உடனே செல்லும்.

இரண்டாம் தூதர் ஹார்மோன். ஊரில் தண்டோரா போடுவதை முதியவர்கள் அறிவார்கள். தெருத்தெருவாகப் பறை முழங்கும். எல்லார் காதிலும் செய்தி விழும். ஆனால் யாருக்கு அது உரியதோ அவரே எழுந்து செல்வார். ஹார்மோன்களும் இவ்வாறே இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. அவற்றை ஏற்கும் உறுப்பு மட்டுமே அவற்றிற்குக் கீழ்ப்படிகின்றது. 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஸ்டார்லிங் இப்பெயரை வழக்கிற்குக் கொண்டு வந்தார். தூண்டிவிடுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

ஹார்மோன்களைச் சுரப்பவை நாளமில்லாச் சுரப்பிகள். உமிழ்நீர்ச் சுரப்பி தான் சுரப்பதை வாய்க்குள் விடுவதற்கு ஒரு குழாய் உண்டு, அதுவே நாளம். இச்சுரப்பிகளுக்கோ அத்தகைய குழாய் இல்லை. தாம் சுரப்பதை நேராக இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. மூளையின் அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி, மற்றச் சுரப்பிகள் பலவற்றிற்குக் கட்டளையிடுகின்றது. கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு, உடல் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை முடிவு செய்கின்றது. அயோடின் இன்றி அதனால் பணியாற்ற இயலாது. இரு சிறுநீரகங்களின்மேலும் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், அச்சமும் ஆபத்தும் நேரும்போது நம்மை விழிக்கச் செய்கின்றன.

இவற்றோடு கணையம் என்றொரு சுரப்பி உண்டு. அது இரு வேலைகளைச் செய்கின்றது. உணவைச் செரிக்கச் செய்யும் நீரை நாளத்தின் வழியே குடலுக்கு அனுப்புகின்றது. அதே வேளையில், தன்னுள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் சிறு திட்டுகளிலிருந்து ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கின்றது. அத்திட்டுகளை 1869இல் முதன்முதலாக விவரித்தவர் ஜெர்மனி நாட்டு மருத்துவ மாணவராகிய லாங்கர்ஹான்ஸ். அவை எதற்காக இருக்கின்றன என்பது அவருக்கே அப்போது விளங்கவில்லை. நம் பெரியவரின் காலில் தைத்த முள்ளின் கதை அங்கேதான் தொடங்குகின்றது.

மடை திறக்கும் இன்சுலின்

நம் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகின்றது. வெறும் வயிற்றில் அவ்வளவு இரத்தத்திலும் கலந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டியளவே! நாம் உண்ணும் சோறு, இட்லி, களி, பழம் யாவும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. ஆயினும் நலமுள்ள உடலில் அந்த ஒரு தேக்கரண்டி அளவு பெரிதும் மாறுவதில்லை. இந்த அற்புதத்தைச் செய்வது கணையத் திட்டுகள் சுரக்கும் இன்சுலின்.

நம் வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலில் நீர் ஓடினால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. மடையைத் திறந்து வயலுக்குள் நீரை விடுபவர் ஒருவர் வேண்டும். இரத்தக் குழாய் வாய்க்கால், சர்க்கரை நீர், உடலின் தசைகள் வயல், இன்சுலினே மடை திறப்பவர். அவர் வராவிட்டால் என்ன நேரும்? வாய்க்கால் நிரம்பி வழியும். வயலோ காய்ந்து கிடக்கும். சர்க்கரை நோயாளிக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் உடல் இளைப்பதும், களைப்பும் பசியும் வாட்டுவதும் இதனாலேதான். வழிந்த சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்போது நீரையும் இழுத்துச் செல்வதால், அடிக்கடி சிறுநீர் கழிகின்றது, தாகம் எடுக்கின்றது.

சிலருக்கு, பெரும்பாலும் சிறுவர்க்கும் இளைஞர்க்கும், இன்சுலின் சுரப்பதே நின்றுவிடுகின்றது. இவர்கள் உயிர் வாழ இன்சுலின் ஊசி இன்றியமையாதது. ஆனால் நம்மிடையே மிகுதியாகக் காணப்படுவது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் சுரக்கின்றது. ஆயினும் உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. மடை துருப்பிடித்துவிட்டது எனலாம். பரம்பரை, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, உழைப்புக் குறைவு ஆகியவை இதற்குக் காரணங்கள்.

பழைய நோய், புதிய மருந்து

இந்நோய் நம் நாட்டிற்குப் புதிதன்று. சிறுநீர் இனிப்பதையும் அதில் எறும்பு மொய்ப்பதையும் பண்டைய இந்திய மருத்துவர்கள் கண்டறிந்து, மதுமேகம் என்று பெயரிட்டனர். தேனைப் போன்ற சிறுநீர் என்பது அதன் பொருள். ஆனால் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. 1889இல் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இரு அறிஞர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு தோன்றியதைக் கண்டனர். 1921இல் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் சாவின் விளிம்பில் இருந்த 14 வயதுச் சிறுவன் லெனார்டு தாம்ப்சனுக்கு அது செலுத்தப்பட்டது. அவன் பிழைத்தான். அதுவரை இளம் வயதில் இந்நோய் வந்தால் சாவு உறுதி என்றிருந்த நிலை அன்றே மாறியது. அம்மருந்தின் உரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டனர். பான்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாளே உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

நம் மாநிலம் இத்துறையில் முன்னோடியாய் விளங்கியது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டிலேயே நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர் மருத்துவர் மு. விசுவநாதன். 1954இல் இராயபுரத்தில் இந்நோய்க்கெனவே ஒரு மருத்துவமனையையும் அவர் நிறுவினார். அக்காலத்தில் இது செல்வந்தரின் நோய் என்று கருதப்பட்டது. இன்று அப்படிச் சொல்ல முடியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரைச் சோதித்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோர்க்குச் சர்க்கரை நோய் உண்டென்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர் என்றும் அது கணக்கிட்டது. வயலில் உழைப்பவரும் ஆலையில் வேகுபவரும் இதற்கு விலக்கல்லர்.

புலன்களைத் திருடும் கள்ளன்

கள்ளன் இரவில் ஓசையின்றி வருவான். சர்க்கரை நோயும் அவ்வாறே. இரத்தத்தில் ஆண்டுக்கணக்காகச் சர்க்கரை மிகுந்திருந்தால், மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. அவற்றால் ஊட்டம் பெறும் நரம்புகளும் நலிகின்றன. மெல்லிய குழாய்கள் நிறைந்திருப்பவை எவை? விழித்திரை, சிறுநீரகம், நரம்பு. ஆதலால் இந்நோய் முதலில் கை வைப்பது இவற்றின்மேல்.

கண்ணை எடுத்துக்கொள்வோம். விழியின் உட்புறத்தில் திரைபோல் அமைந்திருப்பது விழித்திரை. நாம் காணும் உருவம் அதன்மேல்தான் விழுகின்றது. சர்க்கரை மிகுந்தால் அதிலுள்ள நுண்ணிய குழாய்கள் வீங்கிக் கசிகின்றன. பின்னர் வலுவற்ற புதிய குழாய்கள் முளைத்து, எளிதில் உடைந்து, விழிக்குள் இரத்தம் பரவுகின்றது. இதில் கொடுமை என்னவெனில், நோய் வெகு தூரம் முற்றும்வரை பார்வை தெளிவாகவே இருக்கும். நோயாளி நாளிதழ் படிப்பார். ஊசியில் நூல் கோப்பார். "கண்ணுக்கு என்ன குறை?" என்பார். குறை தெரியும் நாளில் இழந்த பார்வையை முழுவதும் மீட்பது அரிது. ஆனால் கண் மருத்துவர் மணியைச் சொட்டு மருந்தால் விரியச் செய்து விழித்திரையைப் பார்த்தால், பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் பார்வையைக் காப்பாற்றலாம். மதுரையில் 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு மருத்துவர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்தோறும் முகாம் நடத்தி நம் மாவட்டத்தாருக்கும் கண்ணொளி தந்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடித்து ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்தவர் அவர். கண்புரைக்கு முகாம் தேடிச் செல்லும் நாம், விழித்திரைச் சோதனைக்கும் அதே அக்கறையோடு செல்ல வேண்டும்.

அடுத்துத் தொடு உணர்வு. உடலிலேயே மிக நீண்ட நரம்பிழைகள் முதுகுத் தண்டிலிருந்து கால்விரல் வரை செல்பவை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள அவையே முதலில் நலிகின்றன. அதனால்தான் உணர்விழப்பு கால்விரலில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மெல்ல மெல்ல மேலேறுகின்றது. தொடக்கத்தில் எறும்பு ஊர்வதைப் போலவும், இரவில் நெருப்புப்போல் எரிவதாகவும் தோன்றும். பிறகு ஒரு நாள் அந்த எரிச்சல் நின்றுவிடும். நோயாளி குணமாகிவிட்டதாக மகிழ்வார். உண்மையில் எரிச்சலைச் சொல்ல வேண்டிய நரம்பே இறந்துவிட்டது!

மற்றப் புலன்களும் தப்புவதில்லை. நெடுநாள் நோயாளிகளிடம் காது மந்தமாவதும், மணமும் சுவையும் குறைவதும் மற்றவர்களைக் காட்டிலும் மிகுதி. நம் பெரியவர் தம் இளமையில் கொப்பரை அருகே நின்று, நுரையின் நிறத்தைக் கண்ணால் கண்டு, பாகின் மணத்தை மூக்கால் முகர்ந்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வாராம். ஆலைக்காரர்கள் அவருடைய சொல்லுக்காகக் காத்திருப்பார்களாம். "இப்போது விரலுக்குப் பதம் பிடிபடவில்லை சாமி, வயதாகிவிட்டது" என்று அவர் என்னிடம் கூறினார். வயது மட்டுமன்று காரணம் என்பதை அவர் அறியவில்லை.

உடலின் உட்புறத்து அபாய மணியும் ஊமையாகிவிடக் கூடும். மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு உரிய வேளையில் உண்ணாவிட்டால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். அப்போது அட்ரீனல் சுரப்பி விழித்தெழுந்து, வியர்வையாலும் கை நடுக்கத்தாலும் படபடப்பாலும் நம்மை எச்சரிக்கின்றது. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் குடித்தால் ஆபத்து நீங்கும். நெடுநாள் நோயாளிகள் சிலருக்கு இந்த எச்சரிக்கையே வருவதில்லை. பேச்சுக் குழறி, திடீரென மயங்கி விழுவர். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சிலருக்கு மாரடைப்புங்கூட நெஞ்சு வலியின்றி வந்துவிடுகின்றது.

வேலூரில் கற்ற பாடம்

வலி போனால் என்ன, நல்லதுதானே என்று எண்ணுவோர்க்கு, தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கூற விரும்புகின்றேன்.

1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் மறைபரப்பச் சென்ற ஆங்கிலேயத் தம்பதியர்க்குப் பிறந்தவர் பால் பிராண்டு. இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். அந்நாளில் தொழுநோயாளரின் விரல்கள் அந்நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்பது மருத்துவர்கள் உட்பட எல்லாரும் நம்பிய செய்தி. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்டு தடுமாறியபோது, தொழுநோயாளச் சிறுவன் ஒருவன் முன்வந்து சாவியை ஒரே திருப்பில் திருப்பிவிட்டான். அவனுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்று வியந்தவர், தரையில் இரத்தத் துளிகளைக் கண்டார். சாவி விரலைக் கிழித்து எலும்பு வரை சென்றிருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை!

அன்று முதல் அவர் நோயாளிகளின் ஒவ்வொரு காயத்திற்கும் காரணத்தைத் தேடலானார். சூடான பாத்திரம், கூரிய கருவி, செருப்பில் கிடந்த ஆணி என்று காரணங்கள் வெளிப்பட்டன. இரவில் சிலருடைய விரல் காணாமற்போகும் புதிரைத் துப்புத் துலக்கக் காவலிருந்தபோது, எலி வந்து கடித்துச் செல்வது தெரிந்தது. உறங்குபவர் அசையவும் இல்லை. பிறகு நோயாளிகளுக்குத் துணையாகப் பூனைகள் கொடுக்கப்பட்டன. விரல்களைத் தின்றது நோயன்று, வலியின்மையே என்னும் உண்மையை அவர் நிலைநாட்டினார். 1948 முதல் மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். அவருடைய துணைவியார் மார்கரெட், இமைக்கும் உணர்வு இழந்த நோயாளிகளின் கண்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். நோயாளிகளின் பாதத்திற்கென மெத்தென்ற ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் அறிவது அதுவே.

1966இல் பிராண்டு அமெரிக்கா சென்றார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் கண்டதும் அவருக்கு வேலூர் நினைவுக்கு வந்தது. அதே புண், அதே இடம், அதே அலட்சியம்! நோய் வேறானாலும் காரணம் ஒன்றே. தொழுநோயாளர்க்குச் செய்த மருத்துவத்தையே அவர்களுக்கும் செய்து, வெட்டப்பட இருந்த கால்கள் பலவற்றைக் காத்தார். தொழுநோய் இன்று மருந்தால் முற்றிலும் குணமாகின்றது. அந்நோயாளர் வழியே கற்ற பாடமோ உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளைக் காக்கின்றது. நாம் ஒதுக்கி வைத்தவர்களே நமக்கு ஆசிரியர்களாயினர்.

அவர் செய்த இன்னொரு முயற்சியும் சிந்திக்கத் தக்கது. உணர்விழந்த கைகால்களுக்குச் செயற்கையாக வலியைத் தர எண்ணி, காலணியிலும் கையுறையிலும் கருவிகளைப் பொருத்தினார். அழுத்தம் மிகுந்தால் ஒலி எழும். நோயாளிகள் ஒலியைக் கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. தொந்தரவாய் இருந்தபோது கருவியை நிறுத்திவிட்டனர். இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. நம்மால் நிறுத்த முடியாதபடி வலி அமைந்திருப்பதிலே எவ்வளவு ஞானம் அடங்கியிருக்கின்றது! 2003இல் மறையும்வரை, வலி ஒரு கொடை என்பதையே அவர் கூறி வந்தார்.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

உணர்வு போன இடத்தில் கண் காவலிருக்க வேண்டும். நோயாளிக்குக் குனிய இயலாது, பார்வையும் மங்கியிருக்கலாம். ஆகவே அந்தக் கண் இல்லத்தாருடைய கண்ணாக இருக்கட்டும். மனைவியோ மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ, இரவு ஜெபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பெரியவர்களின் பாதத்தைப் பாருங்கள். உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, முள் எது கண்டாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். "வலிக்கவில்லையே" என்னும் பதிலை ஏற்காதீர்கள். சர்க்கரை நோயாளியின் காலில் வலிக்காத புண்ணே பெரும் புண்.

அவர்கள் வீட்டிற்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். செருப்பை மாட்டுமுன் உள்ளே கல்லோ தேளோ இருக்கின்றதா என்று தட்டிப் பார்க்கட்டும். கால் வலிக்கு வெந்நீரில் பாதத்தை அமிழ்த்துவது பெருந்தவறு. கொதிநீரும் அவர்களுக்குக் குளிர்ந்த நீராகவே தோன்றும். நகத்தை நேராக வெட்ட வேண்டும்; கால் ஆணியைப் பிளேடால் அறுத்தல் ஆகாது. மருத்துவர் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கின்றதா என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆண்டுக்கு ஒரு முறை அச்சோதனையும், விழித்திரைச் சோதனையும், சிறுநீரகச் சோதனையும் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

நோய் இல்லை என்று எண்ணுவோரும் 30 வயதைக் கடந்தால் இரத்தத்தைச் சோதிப்பது நன்று. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குள் இருந்தால் நலம். 126 அல்லது அதற்கு மேல் என்று மறு சோதனையிலும் தெரிந்தால் நோய் உறுதி. இடைப்பட்டோர் அஞ்ச வேண்டியதில்லை; விழிக்க வேண்டும். சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் இத்தகைய 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தோரில் 100க்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவைக் கட்டுப்படுத்தி நாள்தோறும் நடந்தோரில் 39 பேரே ஆயினர். அரை மணி நேர நடைக்கு இவ்வளவு ஆற்றல் உண்டு.

கரும்பு விளையும் நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கின்றது. வெள்ளைச் சர்க்கரைதான் தீது, நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் தேனும் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். கொப்பரையில் வெந்த வெல்லமும் இரத்தத்தில் சேர்ந்தால் சர்க்கரையே. நம் உழைப்பின் விளைவாகிய வெல்லத்தின் பெருமைக்கு இதனால் இழுக்கு ஒன்றுமில்லை. நோயாளிக்கு அது உரியதன்று, அவ்வளவே. அவ்வாறே பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதும், இன்சுலின் போட்டால் அதற்கு அடிமையாகிவிடுவோம் என்று ஊசியை மறுப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதனையும் மாத்திரையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

வெறுங்கால் நடை

இறுதியாக ஒரு குருவானவன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டும். ஆகஸ்ட் மாத முடிவில் நம் மக்கள் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்கின்றனர். கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பதை நேர்த்தியாகக் கொள்வோர் பலர். நலமுள்ளவர்க்கு அது தவமாகலாம். உணர்வற்ற பாதத்தோடு நடக்கும் சர்க்கரை நோயாளிக்கோ, அது தாம் அறியாமலேயே தம் காலைத் தீயில் இடுவதாகும். வலியைத் தாங்குவது தவம். வலியே தெரியாத காலை வருத்துவதில் தவம் எங்கே இருக்கின்றது? அன்னை மரியாள் தம் பிள்ளைகளின் கால்களைக் காணிக்கையாகக் கேட்பவர் அல்லர். காலணி அணிந்து செல்லுங்கள். இயலாதவர்கள் பேருந்தில் செல்லுங்கள். ஆலயத்திற்குள்ளும் இத்தகைய முதியவர்கள் சுத்தமான செருப்போடு வருவதைக் கண்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பெரிய வெள்ளியன்று காலையிலேயே அவருடைய மகன் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இரத்தச் சர்க்கரை 300க்கு மேல் இருந்தது. சீழ் எலும்பை எட்டியிருந்ததால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் இரண்டு வாரம் கழிந்திருந்தால் கால் போயிருக்கும் என்றாராம் மருத்துவர். இப்போது அவர் வேளை தவறாமல் மருந்து உண்கின்றார். ரப்பர்ச் செருப்பு அணிகின்றார்.

சென்ற மாதம் ஒரு மாலை அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஜெபமாலை முடிந்ததும், ஆறாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பேத்தி கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் அமர்ந்தாள். "தாத்தா, காலை நீட்டுங்க" என்றாள். அவர் நீட்டினார். ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு ஒன்றுமில்லை" என்று கூறி விளக்கை அணைத்தாள். ஆண்டுக்கு ஒரு முறை ஆலயத்தில் நான் செய்வதை, அந்தச் சிறுமி ஒவ்வொரு நாளும் தன் வீட்டில் செய்கின்றாள்.